அடி விழும் முன் கேட்டவர்: வைத்தியர் ஹென்றி கெம்பே

சிறுவர் வைத்தியம் படிக்கும் எவரும் ஹென்றி கெம்பே என்ற பெயரைக் கடக்காமல் போக முடியாது. பெற்றோரின் கையாலேயே பிள்ளைகள் எலும்பு முறியும் அளவுக்கு அடிபடுகிறார்கள் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளும்படி செய்தவர் அவர். 1962ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரைக்காகவே உலகம் அவரை அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுரைக்குப் பிறகு அவர் செய்த வேலைதான் நமக்கு அதிகம் தேவைப்படுகிறது என்பது என் எண்ணம்.

நான் கொழும்பில் நீண்ட காலம் தாதியாக வேலை பார்த்தவள். சிறுவர் விடுதியிலும், பிறகு தாய் சேய் கிளினிக்கிலும் இருந்தேன். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, முதலில் கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறையிலும் பிறகு வெள்ளவத்தையிலும் குடியிருந்தேன். விடுதியில் கெம்பேயின் பெயரைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு அவரது வாழ்க்கையை ஆறுதலாக வாசித்தபோதுதான் அவரும் எங்களைப் போல ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர் என்பதும், சென்னையில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே ஆய்வு செய்தவர் என்பதும் தெரிந்தது. போரில் அடிபட்ட எங்கள் சனம் இந்த மனிதரை அறிந்திருக்க வேண்டும்.

பிரெஸ்லாவிலிருந்து கலிபோர்னியா வரை

கெம்பே 1922 ஏப்ரல் 6ஆம் திகதி பிரெஸ்லாவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று அது ஜேர்மனியின் நகரம். இன்று போலந்தில் இருக்கிறது, பெயரும் விரொட்ஸ்வாஃப் என்று மாறிவிட்டது. பிறந்த ஊரின் பெயரும் நாடும் மாறிப்போனால் ஒரு மனிதருக்கு எப்படி இருக்கும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது அவருக்குப் பத்து வயது. யூதர்களின் கடைகள், பள்ளிக்கூடங்கள், தொழில்கள் ஒவ்வொன்றாகப் பறிபோன வருடங்களில்தான் அவர் வளர்ந்தார். பதின்ம வயதிலேயே நாட்டைவிட்டு வெளியேறி, இரண்டாம் உலகப் போர் மூண்ட காலத்தில் கலிபோர்னியாவில் போய்ச் சேர்ந்தார். புதிய நாட்டில், புதிய மொழியில் படித்து, 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் பயிற்சியில் இருந்த காலத்தில் ரூத் என்ற வைத்தியரைச் சந்தித்து 1948இல் மணந்தார். ரூத் பின்னாளில் சிறுவர் மனநல மருத்துவரானார். ஐந்து பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். கணவனும் மனைவியும் கடைசிவரை ஒரே துறையில் சேர்ந்து வேலை செய்தார்கள்.

சென்னையில் பெரியம்மை

கெம்பேயின் முதல் துறை வைரஸ் நோய்கள். அன்றைக்குப் பெரியம்மை இன்னும் ஒழியவில்லை. சென்னையில் அது வருடாவருடம் வரும் நோய். அங்கிருந்த தொற்றுநோய் மருத்துவமனையில் வைத்தியர் ஏ. ஆர். ராவ் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து கெம்பேயின் குழு ஆய்வுகள் நடத்தியது. ஒரு வீட்டில் ஒருவருக்குப் பெரியம்மை கண்டவுடன், அதே வீட்டில் இருக்கும் மற்றவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்பதே அவர்கள் தேடிய விடை. தடுப்பூசியோடு, அம்மைக்கு எதிரான கம்மா குளோபுலின் ஊசியும் பெற்ற 326 பேரில் 5 பேருக்கே நோய் வந்தது. அந்த ஊசி பெறாத 379 பேரில் 21 பேருக்கு வந்தது. இந்த முடிவுகள் 1961இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியாயின.

இதே கெம்பே, 1960களின் நடுப்பகுதியில், அமெரிக்காவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பெரியம்மைத் தடுப்பூசி போடுவதை நிறுத்த வேண்டும் என்று வாதாடினார். அங்கே நோய் இல்லாமல் போய் நெடுநாளாகிவிட்டது, ஊசியின் பக்க விளைவால் பிள்ளைகள் இறக்கிறார்கள் என்பது அவரது கணக்கு. பலர் கோபப்பட்டார்கள். 1972இல் அமெரிக்கா அந்த ஊசியை நிறுத்தியது. சென்னையில் காப்பாற்றும் மருந்து டென்வரில் தேவையில்லாமல் போகலாம் என்பதைச் சொல்லத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு அடுத்த வேலைக்கும் தேவைப்பட்டது.

படத்தில் தெரிந்த முறிவு

1956இல், முப்பத்து நான்கு வயதில், கெம்பே டென்வரில் உள்ள கொலராடோப் பல்கலைக்கழக மருத்துவமனையின் சிறுவர் மருத்துவத் துறைத் தலைவரானார். விடுதியைச் சுற்றிப் பார்க்கும்போது கண்ட சில பிள்ளைகள் அவரை உறுத்தினார்கள். கைக்குழந்தைக்கு விலா எலும்பு முறிந்திருக்கிறது. இன்னொன்றுக்கு மண்டைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. வைத்தியர்கள் எழுதிய காரணங்கள் எலும்பு நோய், இரத்த நோய், கட்டிலிலிருந்து விழுந்தது என்று இருந்தன. பரிசோதனையில் எந்த நோயும் இல்லை.

இதை அவருக்கு முன்பே சிலர் கண்டிருந்தார்கள். ஜோன் காஃபி என்ற எக்ஸ்ரே நிபுணர் 1946இலேயே மண்டைக்குள் இரத்தக் கசிவும் கை கால் எலும்பு முறிவும் ஒரே குழந்தைகளில் சேர்ந்து வருவதை எழுதியிருந்தார். ஆனால் பெற்றவர்கள்தான் செய்தார்கள் என்று வெளிப்படையாகச் சொல்ல வைத்தியர்கள் தயங்கினார்கள். நல்ல உடுப்போடு வந்து, பிள்ளைக்காக அழுகிற தாயையும் தகப்பனையும் எப்படிச் சந்தேகப்படுவது?

கெம்பே நாடு முழுவதும் மருத்துவமனைகளைக் கேட்டார். 71 மருத்துவமனைகள் பதில் அனுப்பின. ஒரே வருடத்தில் 302 பிள்ளைகள். அவர்களில் 33 பேர் இறந்துவிட்டார்கள். 85 பேருக்கு மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. 1962 ஜூலையில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் சில்வர்மன், ஸ்டீல், ட்ரோகமுல்லர், சில்வர் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை வெளியானது. அடிபட்ட பிள்ளைக்கு ஒரு நோய்ப்பெயரை அது தந்தது. பெயர் வந்தபின் கண்டும் காணாததுபோல் இருக்க முடியாமல் போயிற்று. ஐந்தே வருடங்களில், 1967க்குள், அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இத்தகைய காயங்களை அறிவிப்பதற்கான சட்டம் வந்துவிட்டது.

அடித்தவர்கள் யார்?

சட்டத்தோடு நின்றிருந்தால் கெம்பே ஒரு நல்ல வைத்தியர் என்ற அளவில் முடிந்திருப்பார். அவர் அடுத்த கேள்விக்குப் போனார். பிள்ளையை இப்படி அடித்தவர்கள் யார்?

அவரது சகாவான மனநல மருத்துவர் பிராண்ட் ஸ்டீல், கார்ல் பொலக் என்பவருடன் சேர்ந்து அறுபது பெற்றோரை ஐந்து வருடங்களுக்கு மேலாகப் பின்தொடர்ந்து பேசினார். அவர்களில் ஏழைகளும் இருந்தார்கள், வசதியானவர்களும் இருந்தார்கள். படித்தவர்களும் படிக்காதவர்களும் இருந்தார்கள். பெரும்பாலானோர் மனநோயாளிகள் அல்ல. ஆனால் தங்கள் சிறு வயதில் அன்பில்லாமல், ஓயாத கண்டிப்புக்குள் வளர்ந்தவர்களாக இருந்தார்கள். கைக்குழந்தையிடம் அதன் வயதுக்கு மீறிய பணிவை எதிர்பார்த்தார்கள். கஷ்டம் வரும்போது கூப்பிட அவர்களுக்கு ஆளில்லை.

இந்த இடத்தில்தான் கெம்பேயின் பாதை திரும்புகிறது. தண்டிப்பதால் மட்டும் அடுத்த பிள்ளை காப்பாற்றப்படாது என்று கண்டார். 1960களின் இறுதியில் டென்வரில் சாதாரண மனிதர்களை, அதாவது பிள்ளை வளர்த்த அனுபவமும் பொறுமையும் உள்ளவர்களை, இந்தப் பெற்றோரின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பிரசங்கம் செய்வதற்கல்ல, கூட இருப்பதற்கு. தாங்க முடியாத நேரத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுப்போகக் காப்பகம் ஒன்றும் இருந்தது. 1972இல் இதற்கென டென்வரில் ஒரு தேசிய நிலையத்தையே அவர் நிறுவினார்.

பிள்ளைப்பேற்று விடுதியில் கேட்கப்பட்ட கேள்வி

அடுத்து அவர் இன்னும் முன்னுக்குப் போனார். அடி விழுந்த பிறகு ஏன் காத்திருக்க வேண்டும்? பிள்ளை பிறக்கும் நாளிலேயே உதவி தேவைப்படும் தாயை அறிய முடியாதா?

1971 முதல் 1973 வரை கொலராடோ மருத்துவமனையில் பிள்ளை பெற்ற 350 தாய்மாரைத் தாதிகளும் வைத்தியர்களும் கவனித்தார்கள். கவனித்தவை மிகச் சாதாரணமானவை. பிள்ளையைக் கையில் கொடுத்ததும் தாய் அதன் முகத்தைப் பார்க்கிறாளா? அதைப் பற்றி என்ன சொல்கிறாள்? பெண் பிள்ளையாகப் போயிற்றே என்று முகம் திருப்புகிறார்களா? கணவன் பக்கத்தில் நிற்கிறானா? வீட்டுக்குப் போனால் யார் துணை? எல்லா விபரங்களிலும் பிரசவ அறையில் கண்டவையே மிகச் சரியாக வழிகாட்டின என்று ஆய்வு சொன்னது. பிரசவ அறையில் நின்ற எந்தத் தாதிக்கும் இது ஆச்சரியமாக இராது.

உதவி அதிகம் தேவைப்படும் என்று கண்ட நூறு குடும்பங்களில் ஐம்பதுக்கு ஒரே சிறுவர் வைத்தியரின் தொடர்ந்த கவனிப்பும், வீட்டுக்கு வரும் ஓர் ஆளின் துணையும், பொதுச் சுகாதாரத் தாதியின் உதவியும் கிடைத்தன. மற்ற ஐம்பதுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் ஐந்து பிள்ளைகள் கடுமையான காயங்களோடு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்கள். துணை கிடைத்த ஐம்பதில் அப்படி ஒரு பிள்ளையும் இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒரு கதவு திறந்தது.

ஒரு ஆபத்தும் இதில் உண்டு. இன்னார் பிள்ளையை அடிக்கக்கூடியவர் என்று ஒரு தாளில் எழுதிவைத்தால், அந்தத் தாள் யார் கைக்குப் போகும்? இதற்குக் கெம்பே சொன்ன வழி எளிமையானது. சிலரைப் பொறுக்கி எடுக்காமல், பிள்ளை பெற்ற எல்லா வீடுகளுக்கும் சுகாதாரப் பணியாளர் போக வேண்டும் என்று 1970களின் நடுவில் எழுதினார். ஸ்கொட்லாந்தில் எல்லா வீடுகளுக்கும் போகும் சுகாதாரத் தாதிகள் அவருக்கு முன்மாதிரி. எல்லோரிடமும் கேட்டால் எவருக்கும் அவமானமில்லை.

கெம்பே 1984 மார்ச்சில் ஹவாயில் காலமானார். வயது 61. அவருக்குப் பின் இந்த வழியில் பலர் நடந்தார்கள், எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. நியூயோர்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் டேவிட் ஓல்ட்ஸ் தாதிகளை வீடுகளுக்கு அனுப்பினார். பதினைந்து வருடங்களுக்குப் பிறகு பார்த்தபோது, அந்த வீடுகளில் பிள்ளைத் துன்புறுத்தல் முறைப்பாடுகள் ஏறத்தாழப் பாதியாக இருந்தன. ஹவாய் மாநிலம் முழுவதும் பரப்பிய வீட்டு வருகைத் திட்டத்தில் அவ்வளவு பலன் தெரியவில்லை. குழந்தையை உலுக்கக்கூடாது என்று மகப்பேற்று விடுதியிலேயே பெற்றோருக்குக் கற்பித்த திட்டம் மேற்கு நியூயோர்க்கில் தலைக்காயங்களை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. அதையே பென்சில்வேனியா மாநிலம் முழுவதும் செய்தபோது அந்தக் குறைவு வரவில்லை. துண்டுப்பிரசுரம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதும், பக்கத்தில் இருந்து பேசுவதும் ஒன்றல்ல என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

எங்கள் வாசலில் இருப்பது

கெம்பே அமெரிக்காவுக்குக் கேட்டது இலங்கையில் எப்போதோ இருக்கிறது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல், மருத்துவமாது வீடு தேடி வருவது இந்த நாட்டின் வழக்கம். பிள்ளை பிறந்தால் வருவார். நிறை பார்ப்பார்கள், ஊசி போடுவார்கள், வளர்ச்சிக் கொப்பியில் புள்ளி வைத்துக் கோடு கீறுவார்கள். தாய் சேய் மரணத்தை இந்த நாடு குறைத்தது இவர்களால்தான்.

ஆனால் கிளினிக் வாங்கில் நான் கண்டது இது. பிள்ளையின் நிறை குறைந்தால் உடனே கேட்பார்கள். தாய் நித்திரை கொள்கிறாளா என்று கேட்பது குறைவு. கேட்டாலும் சிங்களத்தில் கேட்பார்கள், அவள் தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் போருக்குப் பின் குடியேறிய குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு அறை, ஒரு குசினி, சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். பிள்ளை இரவில் அழுதால் வீட்டுக்காரர் கதவில் தட்டுவார். கணவன் மத்திய கிழக்கில், அல்லது வெளிநாட்டு விசாவுக்குக் காத்துக்கொண்டு. ஊரில் என்றால் அம்மா, அம்மம்மா, சின்னம்மா என்று பிள்ளையைத் தூக்க நாலு கை இருக்கும். அந்தக் கைகளில் சில வன்னியில் போய்விட்டன, சில கனடாவில் இருக்கின்றன. முகாமில் வளர்ந்த பெண் இன்று தாய். அவளைத் தேற்ற அன்று எவரும் இல்லை. தன் பிள்ளை வீரிட்டு அழும்போது அவளுக்குள் எது எழும்புகிறது என்று கேட்கவும் எவரும் இல்லை.

இது என் ஊகம் மட்டும் அல்ல. வடக்குக் கிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வொன்று, போரை அதிகம் அனுபவித்த பிள்ளைகளும், குடிக்கும் தகப்பன் உள்ள பிள்ளைகளும் வீட்டிலும் அதிகம் அடிபடுகிறார்கள் என்று காட்டியது. செல்லடி நின்றும் அடி நிற்கவில்லை. அது வீட்டுக்குள் வந்துவிட்டது.

எங்கள் பெண்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. பெயரை எழுதுகிறவர்களைக் கண்டால் எங்களுக்குப் பயம். பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு என்று வருடக்கணக்கில் வாழ்ந்தவர்கள் நாங்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனால் அந்தப் பயத்தைத் தடுக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியவில்லை. அப்படியிருக்க, எனக்குச் சில வேளை பிள்ளையைச் சுவரில் எறிய வேண்டும்போல் வருகிறது என்று ஒரு தாய் யாரிடம் சொல்வாள்? பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்று நினைப்பாள்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1995இல் தண்டனைச் சட்டக் கோவையில் பிள்ளைக் கொடுமை குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் வந்தது. 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் அழைக்கலாம். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அழைக்கத்தான் வேண்டும். ஆனால் அது அடி விழுந்த பிறகு எடுக்கும் இலக்கம். அதற்கு முந்தைய மாதங்களில் யார் இருக்கிறார்கள் என்பதே கெம்பேயின் கேள்வி.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. கிளினிக்குக்கு வரும் எல்லாத் தாய்மாரிடமும், தமிழ்ப் பெண்களிடம் தமிழில், மூன்று கேள்விகள். இரவில் பிள்ளை அழுதால் உங்களோடு யார் இருக்கிறார்கள்? நீங்கள் நித்திரை கொள்கிறீர்களா? கோபம் தாங்க முடியாமல் வரும்போது என்ன செய்கிறீர்கள்? கொப்பியில் எழுதத் தேவையில்லை. பதிலைக் கேட்டுக்கொண்டு இருந்தால் போதும்.

அதோடு சில விடயங்களை ஒவ்வொரு தாய் தகப்பனுக்கும் சொல்ல வேண்டும். பிறந்த சில கிழமைகளிலிருந்து பிள்ளையின் அழுகை கூடும். இரண்டாவது மாதமளவில் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாகக் குறையும். அது தாயின் குற்றம் அல்ல, பிள்ளையின் பிடிவாதமும் அல்ல. பசி, ஈரம், காய்ச்சல் பார்த்தும் அழுகை நிற்காவிட்டால், கை நடுங்கும் அளவுக்குக் கோபம் வந்தால், பிள்ளையை மல்லாக்காகப் பாதுகாப்பான இடத்தில் கிடத்திவிட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். அழுகையால் பிள்ளை சாகாது. ஆனால் உலுக்கக்கூடாது. கைக்குழந்தையின் கழுத்து தலையைத் தாங்காது, உலுக்கும்போது மூளையில் இரத்தம் கசியும். சில விநாடிகளில் நடப்பது ஆயுள் முழுவதும் நிற்கும்.

எங்கள் ஊரில் அடியாத மாடு படியாது என்பார்கள். அந்தப் பழமொழியோடு வளர்ந்த கைகள்தான் எங்கள் எல்லோருடைய கைகளும். கெம்பே அந்தக் கைகளை வெட்டச் சொல்லவில்லை. அந்தக் கையைப் பிடிக்க இன்னொரு கையைத் தேடினார். பிரெஸ்லாவிலிருந்து துரத்தப்பட்ட ஒரு பையன், தன் ஊர் அழிந்த பிறகும் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்காக நாற்பது வருடம் உழைத்தான். எங்களுக்கும் ஊர் போனது. பக்கத்து அறையில் பிள்ளை நெடுநேரம் அழுகிறது என்றால், சத்தம் தாங்க முடியவில்லை என்று கதவைத் தட்டாமல், தங்கச்சி, பிள்ளையைக் கொஞ்ச நேரம் நான் வைத்திருக்கிறேன், நீ போய்க் குளித்துவிட்டு வா என்று கேட்டுத் தட்டுங்கள். அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.